பதினொன்றாம் எண் நாற்காலி

பிப்ரவரி 9

தங்கைக்கு,

போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தால் நான் பேச மாட்டேன். அதனால்தான் கடிதம். இதில் ஒரு சௌகரியம், யாரும் பாதியில் பட்டென்று வைத்துவிட முடியாது.

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு ஒரு தொழில் விஷயம் தெரிய வேண்டும். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் இணையதளம் செய்து கொடுத்துப் பிழைக்கிறவள் நீ. கூடப் பிறந்தவளுக்கும் ஒரு வார்த்தை சொல்.

கடைக்கென்று இணையத்தில் இருப்பது உன் மாமா எழுதிய பிளாக் ஒன்றுதான். காசு வாங்காத பிளாக். வாக்கரின் உயரத்தை எப்படி அளப்பது, சக்கர நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் முதுகுக்கு என்ன வைப்பது, படுத்திருப்பவரைத் திருப்பும்போது நம் கையை எங்கே கொடுப்பது என்று ஒன்பது வருடம் எழுதினார். அதைப் படித்துவிட்டுத்தான் ஆட்கள் கடையைத் தேடி வந்தார்கள். அவர் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. புதிதாக ஒன்றும் ஏறவில்லை. ஆனாலும் இன்னும் படிக்கிறார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு பட்டியல் கொடுப்பார்கள், நாற்காலி, கட்டில் எல்லாம் வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று. இத்தனை நாளும் அதில் நம் கடைதான் முதல். போன வாரம் போனேன். கவுன்டரில் புதிதாக ஒரு பெண். "சொந்த சைட் இருக்கிற கடைங்களை மட்டும்தான் போடணும்னு மேலே சொல்லிட்டாங்க மேடம். உங்களது யாரோ டைரி எழுதின மாதிரி இருக்கு" என்றாள். சிரித்துவிட்டு வந்தேன். வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எனக்கு ஆஸ்பத்திரியில் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

ஏப்ரலில் புதுப் பட்டியல் அச்சாகிறது. அதில் நாம் இல்லையென்றால் கடை அதோடு சரி. இப்போதே பாதி நாற்காலிகள் சுவரோரமாக நிற்கின்றன. பதினொன்றாம் எண்ணைச் சேர்க்காமல் சொல்கிறேன், அதை நான் வாடகைக்கு விடுவதில்லை.

இலவச பிளாக்கே போதுமா, இல்லை காசு கொடுத்துச் சொந்தமாக ஒன்று வேண்டுமா? நல்லது கெட்டது இரண்டையும் எழுது. உன் தொழிலுக்கு ஆள் பிடிக்கிற மாதிரி எழுதாதே.

அக்கா


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ என்று பயந்துவிட்டேன். பிரித்துப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன். தொழில் விஷயமாம்.

சரி, தொழில் விஷயமே எழுதுகிறேன்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் பல்லைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு, அதனால் பார்த்துவிட்டேன். இலவச பிளாக் நல்லதுதான். காசு கிடையாது. திறக்க அரை மணி நேரம் போதும். மாமாவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து மதியத்துக்குள் முடித்துவிட்டோம், உனக்கு நினைவிருக்கும். "சமையலுக்கு ஒரு கை குடுக்காம ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் பொட்டியைக் கட்டிக்கிட்டு அழறீங்க" என்று திட்டினாய். தன் மனதில் இருப்பதை எழுதி நாலு பேர் படித்தால் போதும் என்கிறவர்களுக்கு இதைவிட வேறு எதுவும் தேவையில்லை. நானே அப்படித்தான் சொல்லி அனுப்புகிறேன்.

தொழில் என்றால் கதை வேறு. அது வாடகை இல்லாத வீடு. குடியிருக்கலாம், ஆனால் சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். முகவரியில் உன் கடைப் பெயருக்கு வால் மாதிரி அவர்கள் பெயர் தொங்கும். விளம்பரம் அவர்கள் வைப்பதுதான். நேற்று மாமாவின் பக்கத்தைத் திறந்தேன். படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று மாமா எழுதியிருக்கிறார், அதன் நடுவில் உன் எதிர்க் கடைக்காரனின் நாற்காலி விளம்பரம். எந்தத் தேதிக்கு எந்த நாற்காலி காலி என்று அதில் காட்ட முடியாது. முன்பதிவு வாங்க முடியாது. நாளைக்கே அந்தக் கம்பெனி கடையைச் சாத்தினால் ஒரு மெயில் வரும், அவ்வளவுதான்.

அந்த ஆஸ்பத்திரிப் பெண் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. அது டைரி மாதிரிதான் இருக்கிறது, அதனால்தான் ஆட்கள் வந்தார்கள். மாமா வைத்திருந்த வழக்கத்தைப் பார், கமெண்ட் எழுதுகிறவர் பெயர் போட வேண்டாம், எடுத்துப் போன நாற்காலியின் எண்ணைப் போட்டால் போதும் என்று. வீட்டில் நோயாளி இருப்பது வெளியே தெரியக் கூடாது என்று நினைப்பவர்களுக்காக. "எட்டாம் எண், பிரேக் பிடிக்கவில்லை." "இருபத்திரண்டு, அம்மா இன்று பால்கனி வரை வந்தார்கள்." எந்தச் சைட்டிலும் நான் இப்படிப் பார்த்ததில்லை.

என் முடிவு: சொந்தமாக வாங்கு. மாமா எழுதியதை அதில் கொண்டுவந்து வைப்போம். செய்கிற வேலை என்னுடையது, அதற்கு நீ ஒன்றும் தர வேண்டாம்.

பதினொன்றை ஏன் விடுவதில்லை? உடைந்துவிட்டதா?

தங்கை


பிப்ரவரி 25

தங்கைக்கு,

கடிதம் வந்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். இதை நேரில் வந்து சொல்ல அவர் இருக்கும்போது உனக்கு நேரம் கிடைத்திருந்தால் அவரும் கேட்டிருப்பார்.

எனக்குச் சில சந்தேகங்கள். யாரும் காசு கட்டாவிட்டாலும், யாரும் உள்ளே போகாவிட்டாலும், இலவசமானது அப்படியே இருக்குமா? சொந்தமானதற்கு வருடா வருடம் கட்ட வேண்டும் என்கிறாய். ஒரு வருடம் மறந்தால் போய்விடுமா? நான் போன பிறகு யார் கட்டுவார்கள்?

இன்னொன்று. இலவசமானதில் நான் ஒன்றை எழுதி அனுப்பினால், யார் ஒப்புக்கொண்டால் அது வெளியே வரும்? அவர் ஒருவர்தானே? ஏன் கேட்கிறேன் என்று கேட்காதே. தொழில் விஷயம்.

கடை மெக்கானிக் உன்னை விசாரித்தார். "சின்னம்மா வர மாட்டாங்களா?" என்றார். நான் சக்கரத்துக்கு எண்ணெய் விடுங்கள் என்றேன்.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

உன் கடிதத்தின் முதல் பத்தியை மட்டும் பத்து தடவை படித்தேன். நேரம் கிடைக்காமல் நான் வராமல் இருக்கவில்லை. அந்தப் புதன்கிழமை போனில் நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நிஜமாகவே நினைவில்லையா? வேண்டாம், விடு. எழுதத் தொடங்கினால் இதுவும் போன் மாதிரி ஆகிவிடும்.

நீ கேட்டவற்றுக்குப் பதில். இலவசமானது யாரும் தொடாவிட்டாலும் இருக்கும், அந்தக் கம்பெனி இருக்கும்வரை. சொந்தமானது, கட்டாவிட்டால் போய்விடும். இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. நான் செய்து கொடுத்த எத்தனையோ சைட்டுகள், செய்யச் சொன்னவர் போனதும் அவரோடே போய்விட்டன. கடைக்குச் சொந்தமாக ஒன்றும், மனதுக்கு இலவசமாக ஒன்றும் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ஆனால் ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் இருந்தால் தேடி வருகிறவர்கள் குழம்புவார்கள். எல்லாவற்றையும் புதியதற்குக் கொண்டுபோய்விட்டுப் பழையதை மூடிவிடலாம் என்பது என் யோசனை. நீ சரி என்றால் தொடங்குகிறேன். ஏப்ரலுக்கு நாள் இல்லை.

கமெண்டை யார் ஒப்புக்கொள்வது என்று கேட்டாய். பிளாக்கை நிர்வகிக்கிறவர்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை அது உள்ளே இருக்கும், எழுதியவர் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

தங்கை


மார்ச் 12

தங்கைக்கு,

தொடங்கு. ஆனால் பழையதை மூடாதே. மூடினால் உன் முகத்தில் முழிக்க மாட்டேன். இப்போது மட்டும் முழித்துக்கொண்டா இருக்கிறேன் என்று கேட்பாய். கேள்.

அவர் எழுதியதில் ஒரு எழுத்துக்கூட விட்டுப்போகக் கூடாது. கீழே ஆட்கள் எழுதியது எல்லாமும் வர வேண்டும். "அம்மா இன்று பால்கனி வரை வந்தார்கள்" என்பதைப் படித்துவிட்டு அன்றைக்கு அவர் இரண்டு தடவை டீ குடித்தார். அதெல்லாம் போய்விடக் கூடாது.

பாஸ்வேர்டு அவரோடு போய்விட்டது. வெளியே இருந்து எடுக்க முடிந்ததை எடு.

அக்கா


மார்ச் 23

அக்காவுக்கு,

முடிந்தது! நேற்று மாலையிலிருந்து கடையின் சொந்த முகவரி வேலை செய்கிறது. முகவரியைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கவுன்டர் பெண்ணின் மேஜையில் அந்தத் தாளை வை, சத்தம் கேட்கிற மாதிரி வை.

ஒரு எழுத்து விட்டுப்போகவில்லை. பாஸ்வேர்டைப் பற்றிக் கவலைப்பட்டாய். அந்த ஞாயிற்றுக்கிழமையே மாமா என்னையும் ஒரு நிர்வாகியாகச் சேர்த்துவிட்டார், "நான் மறந்துட்டா வாலுகிட்ட ஒரு சாவி இருக்கட்டும்" என்று. பத்து வருடம் கழித்து அந்தச் சாவியைப் போட்டுப் பார்த்தால் வேலை செய்கிறது.

உள்ளே ஒரு ஆச்சரியம். மாமா பார்க்காமலே விட்ட கமெண்டுகள் நானூறுக்கு மேல் தேங்கிக் கிடந்தன. குப்பை விளம்பரங்களைக் கழித்தேன். மிச்சமெல்லாம் நாற்காலி எண் போட்டு ஆட்கள் எழுதியது. ஒப்புக்கொள்ளாதவற்றைப் புதிய இடத்துக்குக் கொண்டுவர முடியாது. நீ ஒன்றும் விடக் கூடாது என்றாயே, அதனால் எல்லாவற்றுக்கும் மொத்தமாக ஒப்புதல் கொடுத்துக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது பழையதிலும் புதியதிலும் எல்லாம் தெரியும்.

ஒரு வரி நன்றாயிருக்கிறது என்றாவது எழுது.

தங்கை


மார்ச் 27

உனக்கு,

நாலு நாளைக்கு முன்னால் மதியம் இரண்டு மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன். அந்த நேரத்தில் ஆட்கள் வர மாட்டார்கள். மெக்கானிக் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் தினமும் அந்த நேரத்தில்தான் அவருக்கு எழுதுவேன். ஆமாம், உன் மாமாவுக்கு. அவர் பிளாக்கில், கமெண்ட் பெட்டியில். பெயர் கேட்கும். பதினொன்று என்று போடுவேன். கடைசி நாலு மாதம் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி அது. உடைந்துவிட்டதா என்று கேட்டாயே, உடையவில்லை.

எழுதி அனுப்பினால் கீழே ஒரு வரி வரும். "உங்கள் கருத்து ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது." நான் பைத்தியம் இல்லை. ஆள் போய்விட்டார் என்று எனக்குத் தெரியும், கண்ணை மூடிவிட்டவளே நான்தான். ஆனால் அந்த வரியைப் பார்த்தால், அவர் இன்னும் படிக்கவில்லை, வேலையாக இருக்கிறார், அவ்வளவுதான் என்று இருக்கும். கடையில் கூட்டம் என்றால் இரண்டு நாள் கழித்துத்தான் பார்ப்பார், எப்போதும் அப்படித்தான். பதினைந்து மாதமாக அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குகிறேன்.

அன்றைக்கு அந்த வரி இல்லை. மேலே போய்ப் பார்த்தேன். முந்தின நாள் எழுதியது, அதற்கு முந்தையது, போன வருடத்தது, எதற்குக் கீழேயும் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒப்புதல் வந்திருந்தது.

நான் எழுந்துவிட்டேன். பின்னறைப் பக்கம் திரும்பி, "ஏங்க, படிச்சிட்டீங்களா?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். மெக்கானிக் கையில் சாப்பாட்டோடு வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது.

நேற்று உன் கடிதம் வந்தது. சாவியாம். பத்து வருடமாகச் சாவியாம்.

எத்தனை பேர் படித்தார்கள் என்று நினைக்கிறாய்? பக்கத்துத் தெரு ரிட்டயர்டு வாத்தியார் வாடகை வாக்கரில் துணி காயப்போடுகிறார் என்று அவருக்கு எழுதியிருந்தேன், சிரிப்பார் என்று. வாத்தியார் வாக்கரோடு வந்து நின்றார். "துணி காயப்போட்டது நெஜம்தான்மா. ஆனா ஈரத்துணி போடலை" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, துணிக்காக இல்லை. இருபத்திரண்டாம் எண் வீட்டுப் பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையைப் பிடித்தால் எனக்குப் பிடிக்காது, தெரியும்தானே உனக்கு?

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என் கதை. யாரிடமாவது காசு கொடுத்துச் செய்திருந்தால் எதையாவது விட்டிருப்பான். நீதான் ஒன்றையும் விடாமல் செய்வாய்.

அவர் படித்துவிட்டார் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம்தான். நீ கொடுத்ததும் அதுதான், பிடுங்கியதும் அதுதான். இனி எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இதையும் எழுதாவிட்டால் நான் மனுஷியே இல்லை.

உன் கடிதம் கிடைத்த பத்தாவது நிமிடம், பதினொன்று எழுதிய எல்லாவற்றையும் புதிய சைட்டிலிருந்து அழித்தேன். பழையதில் அழிக்கவில்லை. ஒவ்வொன்றாக ஒப்புதலைத் திரும்ப எடுத்துவிட்டேன். முன்னூற்று எண்பத்தாறு. மொத்தமாகச் செய்ய ஒரு பொத்தான் இருக்கிறது, நான் அதைத் தொடவில்லை. அந்தப் பொத்தானால் வந்த வினை போதும். இப்போது எல்லாம் முன்பிருந்த மாதிரி உள்ளே காத்திருக்கின்றன. வெளியில் யாருக்கும் தெரியாது.

பதினொன்றை வாடகைக்கு விடுவதில்லை என்று நீயே முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். அப்படியிருக்க, பதினொன்று என்ற பெயரில் யார் எழுதியிருக்க முடியும் என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். பட்டியலில் முதல் வரிகள் மட்டும்தான் தெரிந்தன. "இன்று மூன்று நாற்காலி திரும்பி வந்தன." "முன் சக்கரம் கீச்சென்கிறது." யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்துவிட்டேன். ஏப்ரலுக்குள் முடித்து உன்னிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

ஒவ்வொன்றாக எடுக்கும்போது படித்தேன். படித்திருக்கக் கூடாது. படித்துவிட்டு, படிக்கவில்லை என்று சொல்லவும் எனக்கு வராது.

முதல் மாதத்திலேயே நீ இதை எழுதியிருக்கிறாய்: "அவளை வர வேண்டாம் என்று சொன்னது நான்தான். உங்களை அந்தக் கோலத்தில் யாரும் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். இன்னும் நாள் இருக்கிறது என்றும் நினைத்தேன். இப்போது கேட்கிறவர்களிடமெல்லாம் அவள் வரவில்லை என்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பீர்கள்."

அக்கா, அந்தப் புதன்கிழமை நான் பையை அடைத்து வாசலில் வைத்திருந்தேன். நீ போனில், "இப்ப வராதே, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்றாய். சனிக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. நான் வந்து நின்றபோது எல்லார் முன்னாலும் "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டாய். அதற்கப்புறம் நீயும் எல்லாரும் சொல்லிச் சொல்லி, நீ வராதே என்று சொன்னது நிஜமா, இல்லை நானாகவே நினைத்துக்கொண்டதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பதினைந்து மாதம் அந்தச் சந்தேகத்தோடு இருந்தேன். உன் மேல் கோபப்படக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. "வெள்ளிக்கிழமை, வாலு எங்கே என்று கேட்டீர்கள். நாளைக்கு வந்துவிடுவாள் என்றேன்." இதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. மாமா என்னைக் கேட்டார் என்பதை ஒரு கமெண்ட் பெட்டியிலிருந்து நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆபீஸ் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வேறு மேஜைக்குப் போய்விட்டார்கள், அவ்வளவு அழுதிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேலை செய்தேன். நிர்வாகிகள் பட்டியலிலிருந்து என் பெயரை நானே எடுத்துவிட்டேன். இனி நான் நினைத்தாலும் உள்ளே போக முடியாது. அங்கே இப்போது மாமா ஒருவர்தான். நீ என்ன எழுதினாலும் அவர் ஒப்புக்கொண்டால்தான் வெளியே வரும்.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். யார் யாரை மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கை


ஏப்ரல் 24

வாலுக்கு,

உடனே பதில் போடவில்லை. போட முடியவில்லை.

வராதே என்று சொன்னது நான்தான். அங்கே எழுதியது போதாது, உனக்கு எழுத வேண்டும் என்று எழுதுகிறேன். அத்தையிடம் சொல்லிவிட்டேன். சித்தப்பா வீட்டுக்கும் நானே போய்ச் சொன்னேன். "அப்ப ஏன்டி அந்தப் பொண்ணை அப்படிப் பேசின?" என்று சித்தி கேட்டாள். யார் மேலாவது பழி போடாவிட்டால் நான் அன்றைக்கு நிற்க முடியாமல் விழுந்திருப்பேன் என்றேன். உன் மாமா உன்னைக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். ஒரு தடவைதான் எழுதினேன்.

ஆஸ்பத்திரிப் பட்டியலில் கடை பெயர் வந்துவிட்டது. மூன்றாவதாக. அந்தக் கவுன்டர் பெண் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்ப ரொம்ப நல்லா இருக்கு மேடம், ஆனா படுக்கைப் புண் பத்தின அந்தப் பழைய கட்டுரை இருக்குதானே? எங்க அப்பாவுக்கு அதைப் பார்த்துத்தான் செய்யறேன்" என்றாள். டைரி மாதிரி இருக்கிறது என்றவள்தான். இருக்கிறது என்றேன்.

போன திங்கட்கிழமை மதியம் மறுபடி அங்கே எழுதப் போனேன். பதினொன்று என்று போட்டேன். மழை பெய்ததை எழுதினேன். அந்த வரி வந்தது, முன்பு மாதிரியே. நீ எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்துவிட்டாய், ஒரு குறையும் இல்லை. ஆனால் எனக்கு மனசு அடங்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேலையாக இல்லை. அவர் படிக்கப் போவதில்லை. அது எனக்குத் தெரிந்துவிட்டது, இனி தெரியாத மாதிரி இருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை போகவில்லை. அதற்கப்புறமும் போகவில்லை. மதியம் இரண்டு மணி ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

பிறகு யோசித்தேன். பதினைந்து மாதம் எழுதினேன். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை, ஒன்றுவிடாமல் படித்தது உலகத்திலேயே நீ ஒருத்திதான். அதனால் அவருக்கு எழுத வைத்திருந்ததை உனக்கு எழுதுகிறேன். கடிதத்துக்குப் பதில் வரும், அது ஒரு லாபம்.

இன்றைக்கு உள்ளது. காலையில் இரண்டு நாற்காலி திரும்பி வந்தன. ஒன்றின் கைப்பிடியில் யாரோ மருந்துச் சீட்டைச் செருகி மறந்திருக்கிறார்கள். வாத்தியார் வாக்கரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், கைத்தடி போதுமாம். துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்தார், என்ன செய்வது, மானஸ்தர். பட்டியல் வந்ததிலிருந்து போன் ஓயவில்லை. பதினொரு மணிக்கெல்லாம் கடையில் ஒரு நாற்காலிகூட இல்லை, பதினொன்றைத் தவிர.

அப்போது ஒருவர் வந்தார். மனைவியை மதியம் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம், மாடி வீடாம், நாற்காலி வேண்டுமாம். முன்பெல்லாம் யாராவது கேட்டால் பதினொன்று ரிப்பேர் என்று சொல்லிவிடுவேன். இன்றைக்கும் வாய் வரை வந்தது. அவர் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து பதினொன்றின் மேல் போட்டிருந்த உறையை எடுத்துவிட்டு அதை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தேன்.

உன் மாமாவுக்கு இடது கால் வீங்கியிருந்ததல்லவா? அதற்காக இடது கால் பலகையை மட்டும் வெளிப்பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தோம். பதினாறு மாதமாக அது அப்படியே இருந்தது. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நேராக்கிடட்டுமா மேடம்?" என்றார்.

நேராக்குங்கள் என்றேன். இரண்டே சுற்று. அவ்வளவு லேசாக வந்துவிட்டது.

ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மே இருபத்துநான்கு அன்று திரும்பி வரும். அன்றைக்கு நான் தனியாகக் கடையில் இருக்க முடியாது. பையை அடைத்துக்கொண்டு வா. வா என்று நான்தான் சொல்கிறேன், இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்.

அக்கா